வெயில் தாழ்ந்த பிறகு

ஜனவரி 15

மாமியார் வீட்டில் பொங்கல் பொங்கி, சாமி கும்பிட்டு, சாப்பிட்ட கையோடு நானும் என் கணவரும் புறப்பட்டுவிட்டோம். தரங்கம்பாடி வந்து சேரும்போது மணி ஐந்தரை. மயிலாடுதுறையில் வண்டி மாறியபோது நிழல் எந்தப் பக்கம் விழும் என்று டிரைவரிடமே கேட்டு இவர் என்னை உட்காரவைத்தார். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் சொன்னார்.

புது நோட்டு. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். என் தோலில் நிறம் கிடையாது. பிறவியிலேயே அப்படி. முடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. பத்து நிமிட வெயிலில் சிவந்துவிடுவேன், அரைமணி என்றால் கொப்புளம். கண்ணும் மந்தம். நாலு முழத்துக்கு அப்பால் நிற்கிறவர்களுக்கு முகம் இருக்காது, நிறமும் அசைவும்தான் இருக்கும். இதை எழுதுவதுகூட மூக்கு தாளில் உரசும்படி குனிந்து, தடித்த பேனாவால்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பது என் வேலை. மாமனார் அங்கே இருபது நாள் படுத்திருந்தபோது இவர் வங்கியிலிருந்து தினமும் கூப்பிடுவார். "உங்க குரலக் கேட்டா அப்பா பொழச்சுக்குவாருன்னு தோணுது" என்றார் ஒருநாள். மாமனார் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் குணசீலன் என்கிற இவர் என்னை நேரில் பார்த்தார். பார்த்த பிறகும் மனம் மாறவில்லை. இதை இந்த நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

கல்யாணமாகிப் பதினான்கு மாதம். சினிமா என்றால் இரவுக் காட்சி, கோயில் என்றால் நடை சாத்தும் நேரம். பகலில் இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. கடல் என்று அவர்தான் ஆரம்பித்தார். ஒரு மாதமாக அதே பேச்சு.

விடுதி மாடியில் அறை. ஜன்னல் கிழக்கு பார்த்தது. வந்ததும் வராததுமாக நாற்காலியில் ஏறி, கொண்டுவந்த போர்வையை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினார். "காலையில ஏழரை வரைக்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல. நடுவுல ரூமுதான். சரியா?" என்றார். நான் போர்வையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். வெளியே ஒன்றுமே இல்லை. சாம்பலும் நீலமுமாக ஒரு பெரிய ஒன்றுமில்லாமை, அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரி 16

ஐந்தரைக்கு எழுந்து கிரீம் பூசிக்கொண்டேன். போட்டு அரைமணி ஊற வேண்டும். முகம், காதின் பின்புறம், காது மடலின் உட்பக்கம், பிடரி, கழுத்துக்குழி, கைவிரல்களின் முட்டிகள். உதட்டுக்குத் தனி. பாதத்துக்கு மட்டும் அவர் பூசிவிடுவார். வேண்டாமென்றால் கேட்கமாட்டார். தரையில் உட்கார்ந்து, விரலிடுக்கெல்லாம் விட்டு, பிள்ளையார் சிலைக்குச் சந்தனக்காப்பு சாத்துகிற மாதிரி. பிறகு முழுக்கைச் சட்டை, காலுறை, அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. இவ்வளவும் ஆனபின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றால் விண்வெளிக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறது. சொன்னேன். சிரித்தார்.

சூரியன் எழுவதை நான் பார்க்க முடியாது. ஆனால் கன்னத்தில் தெரியும். இடது கன்னம் முதலில் அறிந்துகொண்டது. பிறகு மணல் நிறம் மாறியது, பிறகு சத்தமே நிறம் மாறியது போலிருந்தது. அவர் பெரிய கறுப்புக் குடையை எனக்கு மட்டுமாகப் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நடந்தார். குடைக்குள் வரச் சொன்னேன்.

"எனக்கென்ன, கருப்புத் தோலு. வெயிலு வந்து முட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்."

அலை வந்து காலுறையை நனைத்தது. தூக்கத்தில் யாரோ பாதத்தைத் தொட்டு, பெயரைச் சொல்லாமல் போய்விட்டது போல. திரும்பத் திரும்ப அப்படியே நின்றேன்.

கோட்டைப் பக்கமிருந்து கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். குடை என் முகத்துக்கு நேராக இறங்கியது. காற்று அதிகம் இங்கே. அவர்கள் போனதும் நிமிர்ந்தது.

பகல் முழுக்க அறையில்; அவர் மட்டும் பதினொரு மணிக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு ஒன்றரைக்கு வந்தார். போர்வை வழியாக வெளிச்சம் தேன் மாதிரி வடிந்து சுவரில் தேங்கியது. மின்விசிறி, கடல், பக்கத்து அறையில் யாரோ தட்டு கழுவும் ஓசை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியவில்லை. ஒருமுறை கண் திறந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அருகில் என்றால் எனக்கும் முகம் தெரியும்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது "ஸ்" என்றார். பிடரியும் தோளும் கருஞ்சிவப்பாகக் கன்றிக் கிடந்தன. "முட்டிப் பாத்துட்டுப் போயிடும்னீங்க?" என்றேன். என் லோஷனை எடுத்து அவர் தோளில் தடவினேன். கறுப்பு முதுகில் லோஷன் ரோஸ் நிறத்தில் பெரிய பெரிய தீற்றலாக. இருபத்தேழு வருடமாக எனக்கு யாராவது தடவிவிடுவார்கள். நான் இன்னொருவருக்குத் தடவுவது இதுதான் முதல் தடவை. வேலை முடிந்தும் கையை எடுக்கவில்லை.

ஜனவரி 17, காணும் பொங்கல்

காலையிலிருந்தே வண்டி வண்டியாகக் கூட்டம். கட்டுச்சோறும் கரும்பும் பீப்பியுமாக ஊரே கடற்கரைக்கு வந்துவிட்டது. நாங்கள் இறங்கவில்லை. இரண்டு துப்பட்டா துவைத்தேன். மத்தியானம் அவர் போய் சாப்பாடு வாங்கிவந்தார்; வஞ்சிர வறுவல், முட்கள் எடுத்து வைத்தார்.

சாயங்காலம் ஆறேகாலுக்குத்தான் போனோம். இங்கே சூரியன் ஊருக்குப் பின்னால், மேற்கே இறங்குகிறது. கரை முழுக்க நிழல். பாதிக் கூட்டம் கிளம்பியிருந்தது. நான் கறுப்புக் கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முடிக்குள் காற்று நேராகப் போயிற்று. வானம் ஊதாவாகி, கடல் அதைவிட ஊதாவாகி, நடுவில் கோடே இல்லை. அந்த ஊதாவுக்குள் நடந்து போய்விடலாம் போலிருந்தது.

"குணா சார்" என்று யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

பக்கத்தில் சடக்கென்று குடை விரிந்தது. எனக்கு முன்னால் கறுப்புத் துணி வந்து நின்றது.

"அட, அற்புதராஜ். நீங்க எங்க இங்க?"

"வொய்ஃபோட அக்கா வீடு பொறையார்ல சார். பொங்கலுக்கு வந்தோம். நீங்க தனியாவா வந்தீங்க?"

"இல்ல, வீட்டுல வந்திருக்காங்க. அவங்களுக்குக் கொஞ்சம் கண்ணு வலி. காத்து ஆகாது."

நான் துணிக்குப் பின்னால் இருந்தேன். கம்பிகள் எட்டு. ஓர் இடத்தில் நூல் பிரிந்திருந்தது. அற்புதராஜ் போன ஜூனில்தான் இவருடைய கிளைக்கு மாற்றலாகி வந்தவராம், கல்யாணத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. அவர் மனைவி வளையல் குலுங்க ஏதோ சொன்னாள், என்னிடமா என்று தெரியவில்லை. பிறகு அவர்கள் போய்விட்டார்கள்.

எனக்குக் கண் வலி இல்லை. ஆனால் நேற்று கொஞ்சம் கூசுகிறது என்று சொல்லியிருந்தேன், அதை நினைவில் வைத்திருந்திருப்பார். தூறல் விழுகிறது என்றும் நினைத்திருக்கலாம். கடல் சாரல் கூட முகத்துக்கு ஆகாது என்று எங்கோ படித்திருக்கலாம். நிறையப் படிப்பவர்.

திரும்பி வரும்போது சுண்டல் வாங்கினோம். உப்புக் கம்மி.

ஜனவரி 18

தலைவலி. வெளியே போகவில்லை.

மாத்திரை ஒன்று. காலையில் இட்லி, பாதி. அவருடைய தோள் தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது; லோஷனை மேஜை மேல் எடுத்து வைத்தேன், அவரே போட்டுக்கொண்டார். எட்டாத இடத்தில் போட முடியவில்லை.

"சாயங்காலம் போலாமா?"

"நீங்க போயிட்டு வாங்க."

அவரும் போகவில்லை. போர்வைக்கு அந்தப் பக்கம் கடல் இன்றைக்கும் மூச்சு விட்டது. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு இவ்வளவு மெல்லிய போர்வை போதுமாயிருக்கிறது.

ஜனவரி 19

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு முன்பே, அவர் தூங்கும்போது, தனியாகப் போனேன். கிரீமை நானே பூசிக்கொண்டேன். தொப்பி, கண்ணாடி, முழுக்கை. குடை கதவுக்குப் பின்னால் தொங்கியது. எடுக்கவில்லை. மணலில் இறங்கியதும் செருப்பையும் காலுறையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஈர மணல் உள்ளங்காலை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் பிடித்துவைத்து விடுகிறது. எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் அலையின் ஓரமாகவே நடந்தேன். எனக்குக் கடற்கரையில் திசை ஒன்றுதான், கடல் வலதா இடதா என்பது.

ஒரு படகின் மறைவில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண், "வெள்ளக்கார அம்மாவா?" என்று தன் பக்கத்தில் இருந்த யாரையோ கேட்டாள்.

"இல்லக்கா, தஞ்சாவூரு" என்றேன்.

"ஆத்தாடி, தமிழு பேசுது." கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். "ஓ, அப்புடியா. எங்க தெருவுலயும் ஒன்ன மாரி ஒரு புள்ள இருந்துச்சு. இப்பத் திருப்பூருல பனியன் கம்பெனில இருக்கு. வா, இப்புடி நெழல்ல குந்து."

அவ்வளவுதான். அதற்கு மேல் என் நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பெயர் அஞ்சம்மாளாம். நெத்திலியும் காரப்பொடி மீனும் பிரிக்கும் கை நிற்கவில்லை.

"ஒத்தையாவா வந்தே?"

"அவரு தூங்குறாரு."

"சண்டையா?"

"இல்லக்கா."

"சரி" என்றாள், நம்பாத குரலில். டீ வந்தது, எனக்கும் கொடுத்தாள். படகு நிழலில் தார் வாசனையும் மீன் வாசனையும். கண்ணை மூடிக்கொண்டேன். நான் யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டாத இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நிழல் சுருங்கி முழங்காலுக்கு வந்தபோதுதான் எழுந்தேன்.

அதற்குள் எல்லாம் வெள்ளையாகியிருந்தது. மணல் வெள்ளை, தண்ணீர் வெள்ளை, வானம் வெள்ளை. கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் அந்த வெள்ளை வந்து நிரம்பியது. கோட்டை மங்கலாகத் தெரிந்தால் விடுதி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மங்கலாக எத்தனையோ தெரிந்தன. ஒன்றை நெருங்கினால் அது மதில், இன்னொன்றை நெருங்கினால் கற்குவியல். விடுதியைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருக்கிறேன். பயமாக இல்லை. பயம் இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். ஒளிக்குள் மிதப்பது போலத்தான் இருந்தது, கால் எரிய ஆரம்பிக்கும் வரை. குனிந்து பார்த்தேன். பாதம் இரண்டும் செம்பருத்தி நிறம். பாதத்துக்குக் கிரீம் போட மறந்திருக்கிறேன்.

"மேகலா."

அவர் குரல் பின்னாலிருந்து வந்தது. ஓடிவந்திருக்கிறார், மூச்சு இரைத்தது. லுங்கியும் பனியனும். வங்கிக்கு இஸ்திரி போட்ட சட்டையில்லாமல் படியிறங்காத மனிதர். ஒன்றும் கேட்கவில்லை. துண்டை என் பாதங்களின் மேல் போட்டு, ஓர் ஆட்டோவைப் பிடித்து, அறைக்குக் கூட்டிவந்தார். மணி ஒன்பதே முக்கால்.

வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, துணி நனைத்துப் போட்டார். பிழிந்தார். மறுபடி போட்டார். பத்துப் பன்னிரண்டு தடவை. குனிந்திருந்ததால் அவர் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன்.

"கேளு."

"முந்தாநாள் சாயங்காலம். சூரியன் போனதுக்கப்புறம் எதுக்குங்க குடை?"

துணி பிழிகிற ஓசை நின்றது. கீழே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"கை தானா போயிடுச்சு."

"யாருக்காகப் போச்சு?"

"ஒனக்காகன்னு சொல்லலாம்." தண்ணீருக்குள் கையை விட்டார். "சொன்னா அது பொய்யி. எனக்காகத்தான். அற்புதராஜ் ஆபீஸ்ல போயி என்ன சொல்லுவான்னு தோணுச்சு. ஒரு செகண்டுதான். அதுக்குள்ள குடை விரிஞ்சிடுச்சு."

"அந்தக் காலேஜ் பிள்ளைங்க வந்தப்ப?"

"அதுவும்."

"அப்ப வெயிலுக்குப் பிடிச்சது எவ்வளவு?"

"முக்காவாசி வெயிலுக்குத்தான் மேகலா" என்றார். "முக்காவாசி."

அவர் எனக்குப் பொய் சொல்லியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன், மூன்று காரணங்கள் நானே எழுதிக்கூட வைத்திருந்தேன். மிச்சக் கால்வாசியை அவர் கையில் எடுத்து என்னிடம் காட்டிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் துணியை நனைத்தார். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

இதை எழுதும்போது பாதம் இரண்டும் தனியாக ஒரு சூடு வைத்துக்கொண்டு, என் கால்களே இல்லை என்பது போல அந்தக் கோடியில் கிடக்கின்றன.

ஜனவரி 20

கொப்புளம், வலது காலில் நாலு, இடது காலில் ஒன்று. செருப்புப் போட முடியாது. நாளைக்குப் பஸ் ஏற வேண்டும்.

காலை காபிக்குப் பிறகு சொன்னேன்: "உங்க அற்புதராஜைக் குடும்பத்தோட சாயங்காலம் டீக்குக் கூப்பிடுங்க. பொறையார் பக்கம்தானே."

"இன்னிக்கா? கால இப்படி வெச்சுக்கிட்டா?"

"கால வெச்சுத்தான் ஒக்காரப்போறேன். டீ விடுதிக்காரர் போடுவாரு."

போனைக் கையில் எடுத்தார். வைத்தார். தண்ணீர் குடித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், என் முகம் பார்த்துக் கூப்பிட வேண்டாம் என்று. பத்து நிமிடம் கழித்து, வராந்தாவில் போய்ப் பேசும் குரல் கேட்டது. "ஆமா அற்புதராஜ், வொய்ஃபுதான் கூப்பிடச் சொன்னாங்க. அன்னிக்கு நான் ஒழுங்கா அறிமுகம் பண்ணி வைக்கல. தப்பு என் பேர்ல."

மத்தியானம் தூங்கினேன். கனவில் அஞ்சம்மாள் வலையிலிருந்து வெளிச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு வந்தார்கள். அற்புதராஜும் மனைவி ஜெசிந்தாவும். மாடி வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தது. தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை. முடியைத் தளரப் பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தேன். வெள்ளை முடியில் கனகாம்பரம் எடுப்பாக இருக்கும் என்று அம்மா சொல்வாள். கால் இரண்டும் ஸ்டூலின் மேல், ஈரத் துணிக்கு அடியில்.

"இவங்க மேகலா. என் மனைவி" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். தேவைக்கு மேல் சத்தமாக.

ஜெசிந்தா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் அருகிலேயே வந்து உட்கார்ந்தாள். முகம் தெரிகிற தூரம். வட்ட முகம், பெரிய மூக்குத்தி. என்னை நன்றாகப் பார்த்தாள், ஒளிக்காமல். பார்க்கட்டும் என்று நானும் இருந்தேன். காற்றில் உப்பு. கீழே அலை நிதானமாக வந்து நிதானமாகப் போயிற்று. நால்வரும் டீயை ஊதினோம்.

பிறகு இவர் பேச ஆரம்பித்தார். பதற்றமானால் இவருக்குத் தகவல்கள் வரும். கிரீமில் எஸ்.பி.எஃப். எண் ஐம்பதுக்குக் குறையக் கூடாது, இரண்டு மணிக்கு ஒருதரம் மறுபடி போட வேண்டும், தண்ணீரும் மணலும் வெயிலைத் திருப்பி அடிக்கும், மேகம் இருந்தாலும் விடாது, துணி அடர்த்தியான நெசவாக இருக்க வேண்டும், தொப்பியைச் சென்னையிலிருந்து வரவழைத்தது. அற்புதராஜ் "ஓ, ஓ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பரீட்சையில் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி, ஒன்றையும் விடாமல், எல்லாம் சரியாக.

ஜெசிந்தா என் காலில் போட்டிருந்த துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, மேகலா. இது வலிக்குமாங்க?"

இவர் பேச்சு பாதியில் நின்றது.

தொப்பி எங்கே, கிரீம் போட்டாச்சா, கண் கூசுகிறதா, நிழலில் நிற்கிறாயா. பதினான்கு மாதத்தில் இவர் என்னைக் கேட்காத கேள்வி இல்லை என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்டதில்லை. சின்ன வயதில் அம்மா என் கொப்புளங்களைப் பார்த்து அழுவாள், டாக்டர் பார்த்து எழுதுவார். அவர்களும் கேட்டதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை. கேட்காமல் எப்படிச் சொல்வது?

இவரைப் பார்த்தேன். அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. ஆனால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"வலிக்கும்" என்றேன். "போர்வை பட்டாக்கூட வலிக்கும்."

நாற்காலி நகரும் ஓசை. இவர் எழுந்து, அதை இழுத்துவந்து என் மறுபக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இப்போது முகம் தெரிந்தது.

"எங்கெங்க வலிக்கும்?" என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். ஏழு வயதில், வேளாங்கண்ணியில், அத்தை வீட்டார் என்னைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிப்போன நாளிலிருந்து ஆரம்பித்தேன். கடல் இருட்டி, விடுதிக்காரர் வராந்தா விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். டீ ஆறிப்போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.